அஞ்சு மீட்டர் தள்ளி நில்லுங்க!

அண்டார்ட்டிகாவில் விசா கேட்க ஆள் கிடையாது. ஆனால் சட்டைப் பையைத் திருப்பிக் காட்டச் சொல்வார்கள். ஜாக்கெட் மடிப்பு, கேமரா பை எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுகிறார்கள். நம் ஊர்ப் புல் விதை ஒன்றுகூட ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாதாம். ஒவ்வொரு தடவை கரையில் இறங்கும்போதும், திரும்பி ஏறும்போதும் ரப்பர் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவியாக வேண்டும். கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி, ஒருத்தரையும் விடுவதில்லை.

2025 பிப்ரவரி. அர்ஜென்டினாவின் தெற்குக் கோடியில் உஷுவாயா என்ற ஊரில் கப்பலேறி, ட்ரேக் ஜலசந்தியை இரண்டு நாள் கடந்து வந்த கதையை விடுங்கள். (சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிப்பவர்களும் உண்டு.) அதற்கடுத்த ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே.

காலையில் குவர்வில் தீவு. கப்பலிலிருந்து ரப்பர் படகில் போகிறோம். தீவு கண்ணுக்குச் சரியாகத் தெரிவதற்குள் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. அழுகிய இறாலும் கோழிப்பண்ணையும் கலந்த வாசனை. பல ஆயிரம் ஜென்டூ பென்குவின்கள் வசிக்கிற இடம், வேறெப்படி இருக்கும்? பாறையெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே, ஏதோ பாசி என்று நினைத்தேன். "பாசி இல்லை சார், எச்சம். அது சாப்பிடறது க்ரில். அந்தக் கலர்தான்" என்றாள் வழிகாட்டிப் பெண்.

க்ரில் என்பது இறால் மாதிரி ஒரு ஜீவன். விரல் நீளம்தான். நம் சென்னாகுன்னிக்குப் பெரியம்மா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடலில் பென்குவின், ஸீல், திமிங்கிலம் எல்லோருக்கும் அதுதான் சாதம்.

கரையில் ஒரு சமயத்தில் நூறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பென்குவினிடமிருந்து அஞ்சு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது, பையைக் கீழே வைக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கெடுபிடி பறவைக் காய்ச்சல் பயத்தால்; 2024-ல் அது அண்டார்ட்டிகா நிலப்பரப்புக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் அஞ்சு மீட்டர் விதி பென்குவினுக்குத் தெரியாதே! ஒன்று நேரே வந்து, என் பூட்ஸைத் தலை சாய்த்துப் பார்த்து, பிடிக்காமல் போய்விட்டது.

பிப்ரவரியில் குஞ்சுகள் கிட்டத்தட்ட அம்மா சைஸுக்கு வந்துவிடுகின்றன. அம்மாவோ அப்பாவோ வயிறு நிறைய க்ரிலோடு கடலிலிருந்து ஏறி வந்தால் போச்சு. முதல் தேதி சம்பளக் கவரோடு வெளியே வருகிற குமாஸ்தாவைக் கடன்காரர்கள் துரத்துவார்களே, அதே ஓட்டம். வழுக்கி விழுந்து, எழுந்து, அடுத்த வீட்டு வாசல் வழியாகப் புகுந்து ஓடுகிறது அம்மா. பின்னாலேயே இரண்டு குஞ்சுகள். கடைசி வரை விடாமல் துரத்துகிற குஞ்சுக்குத்தான் வாயில் ஊட்டல். மற்றது அழுதுகொண்டு நிற்கிறது. பழுப்பு நிற ஸ்குவா பறவை ஒன்று பாறை மேல் உட்கார்ந்து, எந்தக் குஞ்சு சோனி என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஃபோய்ன் துறைமுகம். துறைமுகம் என்றதும் கிரேன் எல்லாம் தேடாதீர்கள். பாதி மூழ்கிய ஒரு துருப்பிடித்த கப்பல், அவ்வளவுதான். பெயர் கவர்னோரன். நார்வேக்காரர்களின் திமிங்கில எண்ணெய் ஆலைக் கப்பல். 1915-ல் தீப்பிடித்தது. சீசன் முடிந்த குஷியில் பார்ட்டி நடத்தும்போது விளக்கைத் தட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை. கப்பலில் இருந்த 85 பேரும் பிழைத்தார்கள். எண்ணெய் போயிற்று. இப்போது அந்தத் துருவின் மேல் ஆலா பறவைகள் குடித்தனம் செய்கின்றன.

சோப்புக்கும் மார்ஜரினுக்குமாக, போன நூற்றாண்டில் பூமியின் தென் பாதியில் கொல்லப்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். 1963-ல் தடை வந்தது. அதற்கப்புறமும் சோவியத் கப்பல்கள் திருட்டுத்தனமாகப் பிடித்தன.

அந்தத் துருக் கப்பலைத் தாண்டி வில்ஹெல்மினா விரிகுடாவுக்குள் வந்ததும் படகின் எஞ்சினை நிறுத்திவிட்டாள். "பேசாதீங்க."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரில் ஒரு குமிழி. பக்கத்தில் இன்னொன்று. குமிழிகள் வரிசையாக வளைந்து வளைந்து ஒரு பெரிய வட்டம் போட்டன. சோடா உடைத்து ஊற்றின மாதிரி நடுவில் பொங்கியது. அடுத்த விநாடி இரண்டு திமிங்கிலங்கள் வாயைப் பிளந்துகொண்டு எழுந்தன. தொண்டை பலூனாக உப்புகிறது. குமிழியால் வேலி கட்டி, க்ரிலை நடுவில் ஒதுக்கி, ஒரே வாய்! மூச்சு விட்டது பாருங்கள், எங்கள் மேல் சாரல். நாற்றம், காலையில் பார்த்த பென்குவின் தீவே தேவலை.

அமுங்கும்போது வாலைத் தூக்கிக் காட்டியது. வாலின் அடிப்பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. கைரேகை மாதிரி. படமெடுத்து ஹேப்பிவேல் என்ற இணையதளத்துக்கு அனுப்பினால் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து ஜாதகம் சொல்லிவிடும். இங்கே மேய்கிறவை குட்டி போடக் கொலம்பியா, பனாமா, கோஸ்டாரிகா வரை நீந்திப் போகின்றனவாம்.

எண்ணெய்க்காக இப்போது யாரும் திமிங்கிலத்தைத் தேடி இந்தப் பக்கம் வருவதில்லை. அதன் சாப்பாட்டைத் தேடி வருகிறார்கள். க்ரில், வளர்ப்பு சால்மன் மீனுக்குத் தீவனமாகிறது, மாத்திரை எண்ணெயாகிறது. அந்தப் பகுதிக் கடலுக்கு ஒரு சீசனில் 6,20,000 டன்தான் என்று வரம்பு. எந்த இடத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்று பிரித்து வைத்திருந்த ஏற்பாடு 2024-ல் காலாவதியாயிற்று. நாடுகள் கூடிப் பேசியும் ஒத்துவரவில்லை. கப்பல்கள் க்ரில் அதிகமுள்ள இடத்தில் கூடிவிட்டன, அதாவது திமிங்கிலமும் பென்குவினும் சாப்பிடுகிற இடத்தில். 2025 ஆகஸ்ட்டில், முதல் தடவையாக, சீசன் முடியும் முன்பே வரம்பு தீர்ந்து மீன்பிடிப்பை நிறுத்த வேண்டி வந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் ஒரு ஜெர்மன் பெரியவர், ரிடையர்டு வாத்தியார். பகலெல்லாம் படகில் என்னோடு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தவர். சூப் முடிந்ததும் பையிலிருந்து பாட்டில் ஒன்றை எடுத்து, சிவப்பாக இரண்டு கேப்ஸ்யூல் உருட்டினார்.

"முழங்கால் வலிக்கு. டாக்டர் எழுதினது இல்லை, பெண்டாட்டி வாங்கித் தந்தது" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த வழிகாட்டிப் பெண் பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தாள். ஒன்றும் சொல்லாமல் அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெரியவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். க்ரில் ஆயில்.

ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ ஒன்று 'புஸ்' என்று மூச்சு விட்டது.

பெரியவர் ஒரு கேப்ஸ்யூலைப் பாட்டிலுக்குள் திரும்பப் போட்டார். இன்னொன்றை வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.