நூற்றுக்குப் பத்து

வருமான வரி என்றாலே, 'அதெல்லாம் ஆபீஸ் போகிற ஆம்பளைங்க சமாசாரம்' என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், ஆபீஸ் போகிறவருக்கு அந்தக் கவலை அதிகமில்லை. கம்பெனியே மாசா மாசம் கணக்குப் போட்டுப் பிடித்துக் கட்டிவிடும். வீட்டில் உட்கார்ந்தபடியே மொழிபெயர்ப்பு, படம் வரைவது, புரூஃப் பார்ப்பது என்று நாலு இடத்தில் வேலை வாங்கிச் செய்கிற நமக்குத்தான் முதலாளியும் நாமே, கணக்குப்பிள்ளையும் நாமே!

என் வேலை மொழிபெயர்ப்பு. 100 ரூபாய்க்கு பில் போட்டால் 90 ரூபாய்தான் பேங்கில் விழும். மீதி பத்து, டி.டி.எஸ். என்கிற வரிப் பிடித்தம். 2025 ஏப்ரலிலிருந்து, வருஷத்தில் ஒரே இடத்திலிருந்து வருகிற தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் என்று விதி. அதற்கு முன் 30,000. நம் பான் எண்ணைக் கொடுக்காவிட்டால் பத்து இருபதாகிவிடும்!

'கவர்ன்மென்ட் எடுத்துக்கிட்டது, போனது போகட்டும்' என்று இதை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறவர்கள்தானே நாம்? ஐந்து லட்சத்துக்கு வேலை செய்திருந்தால் பிடித்தம் 50,000 ரூபாய். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில், செலவு போக நிற்கிற உழைப்பு வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரியே கிடையாது. ஆனால் ரிடர்ன் தாக்கல் செய்தால்தான் அந்த 50,000 திரும்பி வரும். கேட்காதவளுக்கு யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள்.

அந்தப் பத்து ரூபாய் நம் பேரில்தான் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் நம் வேலை. வருமான வரி இணையதளத்தில் நம் பான் எண்ணின் கீழ் இதெல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு வருஷம் ஒரு பதிப்பகம் என்னிடம் பிடித்த 7,200 ரூபாய் அதில் இல்லவே இல்லை. போன் செய்தால், "கட்டிட்டோமே மேடம்!" என்றார்கள். "கட்டினீங்க சரி, யார் பேர்ல?" என்று கேட்டேன். பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தார்கள்! திருத்தி அனுப்ப வைப்பதற்குள் இரண்டு மாசம். அப்போதிலிருந்து மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

செலவுக் கணக்கும் உண்டு. பேப்பர், இன்டர்நெட், வேலைக்கென்று ஆகிற கரண்ட் பங்கு எல்லாவற்றையும் கழிக்கலாம். கம்ப்யூட்டர் விலையை மட்டும் ஒரேயடியாகக் கழிக்க முடியாது. தேய்மானம் என்று வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ரசீதுகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். ஆடிட்டர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்! பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்று தெரிந்தால், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் தவணையாக முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் வட்டி.

எங்கள் மாடி வீட்டுப் பெண் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தூரிகையை எடுக்க முடியும். பில் மட்டும் வீட்டுக்காரர் பேரில். 'எல்லாம் ஒரே குடும்பம்தானே' என்று நினைத்தார்கள். அவரோ 30 சதவீதம் வரி கட்டுகிறவர். இவள் சம்பாத்தியம் அவர் வருமானமாகி, அதற்கும் அதே விகிதத்தில் வரி போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. கம்ப்யூட்டரும் வரைபலகையும் வாங்க பேங்கில் கடன் கேட்டபோது, மூன்று வருஷ ரிடர்ன் கேட்டார்கள். ஏழு வருஷமாக வேலை செய்கிறவளிடம், தான் ஒரு ரூபாய் சம்பாதித்ததாகக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை!

"அக்கா, பான் கார்டு எப்படி எடுக்கிறது?" என்று என்னிடம் வந்தாள். எடுத்தாயிற்று. பேங்கில் தனிக் கணக்கும் திறந்தாயிற்று. போன மாசத்து பில் அவள் பேரிலேயே போயிருக்கிறது.