பீஸ் கட்டையும் கோயில் சத்தமும்

என் ஒலிப்பதிவு அறைக்கும் மச்சானின் பீங்கான் பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் மண் அரைக்கிற மில் ஓடினால் இந்தப் பக்கம் மைக்கைத் திறக்க முடியாது. அதனால் நல்லூரில் என்னிடம் பாட வருகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வருவார்கள். பக்திப் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு, தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் கிட்டத்தட்ட ஒரே மெட்டில் பாட்டு. பிழைப்பு என்னவோ பகலில் மச்சானுக்குக் கணக்கு எழுதுவதில்தான் ஓடுகிறது.

ஒருநாள் நாதஸ்வரக்காரர் ஒருவர் வந்தார். 2011-இல் என்னிடம் அரை மணி நேரத் தோடி ஒன்றை வாசித்துப் பதிவு செய்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பல் இரண்டு போன பிறகு வாசிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

“தம்பி, நம்ம தோடி ஒண்ணு இருக்கே, பேத்தி கல்யாணத்துல அதைப் போடலாம்னு இருக்கேன். மோளம் கொஞ்சம் முன்னால நிக்குது. அதை மட்டும் ஒரு படி தள்ளி வெச்சிக் குடு.”

“நாளைக்கே தரேன் ஐயா” என்றேன். தவில் டிராக்கைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்தால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன்.

பழைய வன்தட்டைத் தேடிப் பிடித்து, புதுக் கணினியில் செருகி, கோப்பைத் திறந்தேன். திரையில் ஒரு பட்டியல் வந்தது. இன்ன இன்ன பிளகின்களைக் காணவில்லை என்று ஏழு பெயர். நாதஸ்வரம் இருந்தது, தவில் இருந்தது, தாளம் இருந்தது. மைக் வழியாக உள்ளே வந்தது எதுவும் தொலையவில்லை. தம்புராவைக் காணோம், அது ஒரு பிளகின். நாதஸ்வரத்தைச் சுற்றிக் கல் மண்டபம் போல ஒரு முழக்கம் கட்டியிருந்தேனே, அதுவும் பிளகின், அதையும் காணோம். ஓட்டிக் கேட்டால் குளியலறைக்கு வெளியே நின்று யாரோ ஊதுகிறமாதிரி வறட்டுச் சத்தம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாட்டுப் பதிகிற மென்பொருள் தனியாக எல்லா வேலையும் செய்வதில்லை. எதிரொலி, வீணை, வயலின், குரலைச் செதுக்குகிற கருவி எல்லாம் வேறு வேறு ஆட்கள் எழுதிய சின்னச் சின்ன நிரல்கள். அவற்றைத்தான் பிளகின் என்கிறோம். தாய் மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி அந்த நிரலிடம் நீட்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், 512 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு சுமார் 12 மில்லி நொடி. அதை வாங்கி வேலை செய்து திருப்பிக் கொடுத்ததும் அடுத்த துண்டு. பாட்டு முடியும்வரை இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். எப்படி நீட்டுவது, எப்படி வாங்குவது, எந்தத் திருகாணியை எந்த எண்ணால் அழைப்பது என்பதற்கெல்லாம் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விதிமுறை வேண்டும். அதுதான் பிளகின் வடிவம்.

பாட்டைச் சேமிக்கும்போது நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாய் மென்பொருள் ஒவ்வொரு பிளகினிடமும் ‘உன் நிலவரத்தைச் சொல்’ என்று கேட்கும். அது கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தாய்க்குத் தெரியாது. வாங்கி அப்படியே கோப்புக்குள் வைத்துக்கொள்ளும். மறுபடி திறக்கும்போது அதே பிளகினைத் தேடிப்பிடித்து அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கும். பிளகின் செத்துப்போனால் பொட்டலம் மட்டும் மிஞ்சும். என் கோப்புக்குள் அந்தக் கல் மண்டபம் இன்றைக்கும் இருக்கிறது. பிரித்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

இதை மச்சானிடம் சொன்னபோது அவர் பீஸ் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். ஃபியூஸ் என்ற சொல்லை எங்கள் பக்கம் யாரும் முழுசாகச் சொல்வதில்லை. வெள்ளைப் பீங்கானில் அடிக்கட்டை ஒன்று, அதில் செருகி எடுக்கிற மேல்கட்டை ஒன்று. வணிகத்தில் இதற்குக் கிட்கேட் என்று பெயர். மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வெளியூர் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் விளக்க வேண்டியிருக்கிறது.

“இதுல என்ன அதிசயம்?” என்றார் மச்சான். “ஒரு பட்டறைக் கட்டை இன்னொரு பட்டறை அடிக்கட்டையில ஏறாது. ஏறினாலும் ஆடும். ஆடினா தீப்பொறிதான்.”

காரணம் மண். அச்சிலிருந்து வந்த பச்சை மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வெந்து இன்னும் சுருங்கும். மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும். அதைக் கணக்குப் போட்டுத்தான் அச்சையே பெரிதாகச் செய்கிறார்கள். ஒரு பட்டறையின் மண் கலவையும் சூளைச் சூடும் வேறு, அடுத்த பட்டறையினது வேறு. அதனால் இருவரும் ஒரே அளவை எழுதி வைத்துக்கொண்டாலும் வெந்து வெளியே வருவது ஒரே அளவாக இருக்காது. அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. மென்பொருள் உலகில் சில நேரம் வேண்டுமென்றேதான் செய்தார்கள் என்பது என் கட்சி.

ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் தன் கியூபேஸ் மென்பொருளோடு வி.எஸ்.டி. என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. விதிமுறையைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 1999-இல் இரண்டாம் பதிப்பு வந்ததும் வாத்தியங்களையும் பிளகினாகச் செருக முடிந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இலவசமாகச் செய்து போட்டார்கள். என்னைப் போன்ற, காசில்லாத, ஆசை மட்டும் உள்ள ஆட்களுக்கு அது பொற்காலம். கோடம்பாக்கத்தில் ரகுமான் வீட்டோடு ஒட்டிய ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது, கணினியும் சிந்தசைசரும் வைத்து ஓர் அறைக்குள் இவ்வளவு செய்ய முடியுமா என்று வாய் பிளந்தவர்கள் நாங்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த அறை ஒரு குறுவட்டுக்குள் அடங்கி நல்லூருக்கே வந்துவிட்டது.

ஆனால் எல்லாரும் அந்த அடிக்கட்டையை ஏற்கவில்லை. ஆப்பிள் தன் இயங்குதளத்துக்கு ஆடியோ யூனிட் என்று வைத்துக்கொண்டது. புரோ டூல்ஸ் என்ற இன்னொரு பதிவு மென்பொருளின் தரப்பு டி.டி.எம்., ஆர்.டி.ஏ.எஸ். என்று ஓட்டி, 2011-இல் ஏ.ஏ.எக்ஸ். என்று மாற்றி, 2013-இல் வந்த பதினோராம் பதிப்பில் பழையவற்றுக்குக் கதவைச் சாத்தியது. ஸ்டைன்பெர்க்கே 2008-இல் வி.எஸ்.டி. மூன்றைக் கொண்டுவந்து, 2018-இல் இரண்டாம் பதிப்பின் நிரல்தொகுப்பை வழங்குவதை நிறுத்தியது. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவர்கள் தொடரலாம், புதிதாக வருகிறவர்களுக்குக் கிடையாது. இதற்கு நடுவில் 32 பிட் கணினிகளின் காலம் முடிந்தது. 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் அதற்கு எட்டாது என்பதால் எல்லாரும் 64-க்குப் போனார்கள். 2019-இல் வந்த மேக் கேட்டலினாவில் 32 பிட் நிரல் எதுவும் ஓடாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் பிளகின்களைப் புது அச்சில் மறுபடி வார்த்துக்கொண்டன. திண்ணைக்காரர்கள் எங்கே போவார்கள்? என் மண்டப முழக்கத்தை எழுதியவர் யாரென்றே தெரியவில்லை. அவருடைய பக்கமும் இல்லை. அவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், பிள்ளை குட்டிகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கலாம். குறை சொல்ல மாட்டேன். இலவசமாகக் கொடுத்தவரிடம் ஆயுள் காப்பீடும் கேட்பது நியாயமில்லை.

பூட்டின் சாவியை ஒரே வீட்டில் வைத்திருப்பது ஆகாது என்று மற்றவர்களும் யோசித்திருக்கிறார்கள். பெர்லினைச் சேர்ந்த பிட்விக்கும் யு-ஹெ நிறுவனமும் சேர்ந்து 2022-இல் கிளாப் என்ற வடிவத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். 2025-இல் வி.எஸ்.டி. மூன்றும் அதே மாதிரிக் கட்டற்ற உரிமத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

புது வடிவங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேனே தவிர, அவற்றால் நம் சங்கீதத்துக்கு ஒரு லாபம் இருப்பதை வெகுநாள் கவனிக்கவில்லை. எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்கிற மிடி முறை 1983-இல் பிறந்தது, பியானோக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்தது. 128 கட்டைகள், ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கும். சுரத்தை அசைக்க வேண்டுமென்றால் ஒரு சக்கரம் உண்டு. அதில் 16,384 படிகள் இருக்கின்றன, நுணுக்கத்துக்குக் குறைவில்லை. கோளாறு வேறிடத்தில். அந்தச் சக்கரம் தடம் முழுவதற்கும் பொது. தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, மேலும் கீழும் அசைந்துகொண்டே இருப்பதுதான் காந்தாரம். கீபோர்டில் இடது கை ஷட்ஜத்தை அழுத்திக்கொண்டு வலது கை காந்தாரத்தை அசைத்தால், ஷட்ஜமும் சேர்ந்து ஆடும். சாமி புறப்பாட்டில் சப்பரத்தோடு கோயில் கொடிமரமும் நடந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக அசைக்கிற வசதி, வி.எஸ்.டி. மூன்றில் 2011-இல் வந்த 3.5 பதிப்போடு கிடைத்தது. கிளாப்பிலும் உண்டு. மிடிக்காரர்களும் 2018-இல், சுரத்துக்கு ஒரு தடம் என்று பிரித்துக் கொடுக்கிற எம்.பி.இ. முறையை ஏற்றுக்கொண்டார்கள். இவர்கள் யாரும் தோடியைக் கேட்டிருப்பார்களா என்று தெரியாது. ஆனாலும் வழி திறந்திருக்கிறது. அதை வைத்து வீணை மாதிரி ஒன்றை ஓரளவு வாசித்துவிடலாம். நாதஸ்வரத்துக்கு மட்டும் எந்த பிளகினையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. சீவாளி எச்சில் பட்டு இளகி, ஊதுகிறவர் மூச்சு உள்ளே போய், சுரம் உதட்டில் வளைகிற அந்த விஷயத்தை அச்சில் வார்க்க முடியாது.

பெரியவருக்கு என்ன பதில் சொல்வது? நான்கு நாள் தள்ளிப்போட்டேன். 32 பிட் பிளகினை 64-இல் ஓட்டும் பாலம் போன்ற நிரல்கள் உண்டு, போட்டுப் பார்த்தேன். திறக்கும், இரண்டு நிமிடம் ஓடும், மொத்தமாக விழும். பழைய கணினியைத் தேடினேன். அது என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிருந்தது.

அந்தத் தோல்வியோடு பட்டறைக்குள் போய் உட்கார்ந்தபோது பக்கத்துப் பலகையில் அகல் விளக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. மச்சான் உடைந்த பச்சை விளக்கு ஒன்றை எடுத்து மண் தொட்டியில் போட்டார். கரைந்து நாளைக்கு வேறொரு விளக்காகிவிடும். வெந்தது உடைந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஆனால் வெந்ததை மழையில் பத்து வருடம் போட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. பச்சையை ஒரு தூறலில் விட்டால் போச்சு. நான் 2011-இல் பாட்டைப் பச்சையாகவே அலமாரியில் வைத்துவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற ஆசைதான். தம்புராவைத் தனியாக, முழக்கத்தைத் தனியாக, ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாக வேகவைத்து எடுத்திருந்தால், அன்றைக்கு மூன்று நிமிட வேலை. வேவ் 1991-இல் வந்த வடிவம். இன்றைக்கும் எந்தக் கணினியும் முகம் சுளிக்காமல் அதைத் திறக்கிறது. அதற்குப் பிறகு நான் பச்சை ஒன்று, வெந்தது ஒன்று என்று இரண்டாகத்தான் சேமிக்கிறேன். வன்தட்டுக்குக் கூடுதல் செலவு. வீட்டில் திட்டு.

தம்புராவுக்கு வழி இருந்தது, வேறொன்றைப் போட்டுச் சுருதி சேர்த்தேன். முழக்கத்துக்கு இன்றைய பிளகின்களில் நாலைந்தைப் போட்டுப் பெரியவருக்குக் கேட்கக் கொடுத்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“எல்லாம் சரிதான். அந்தக் கோயில் சத்தம் எங்க போச்சு?”

எதிரொலி என்ற சொல் அவருக்குத் தேவைப்படவில்லை. தேவையும் இல்லைதானே. கோயில் சத்தம் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டியதுதான்.

மணிமுத்தாற்றங்கரையில் எங்கள் ஊர்க் கோயில் இருக்கிறது. நடை சாத்துகிற நேரத்தில் குருக்களிடம் அனுமதி கேட்டு, முன்மண்டபத்தில் இரண்டு மைக்கை நட்டேன். ஓர் இடத்தின் முழக்கத்தைப் பிடிக்க அங்கே ஒற்றை வெடிச்சத்தம் போதும். சுவர்களும் தூண்களும் அதற்குச் சொல்கிற பதிலை அப்படியே பதிந்து, எந்த ஒலியை வேண்டுமானாலும் அந்தப் பதிலோடு கணக்கில் பெருக்கி, அதே மண்டபத்தில் வாசித்த மாதிரி ஆக்கலாம். அதைச் செய்கிற பிளகின் எல்லா வடிவத்திலும் உண்டு. ஒன்று செத்தால் இன்னொன்று. பிடித்து வந்த பதில் வெறும் வேவ் கோப்பு. பட்டாசு வெடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. பெரியவர்தான் கடைவீதியில் ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்திருந்தார். ஊதுகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். மூச்சுக்கு இன்னும் குறைவில்லை.

முதல் பலூனை ஊக்கால் குத்தியதும் விதானத்திலிருந்து வௌவால்கள் கலைந்தன. அது பதிவுக்கு ஆகாது. இரண்டாவது, வெளியே போன டிராக்டரோடு கலந்துவிட்டது. மூன்றாவது சுத்தமாக விழுந்தது. டப் என்று ஒன்று, அதன் பின்னால் மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவாகக் கல் பேசி அடங்கியது. குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்; பயத்திலா பக்தியிலா என்று கேட்கவில்லை.

ராத்திரியே அதைத் தோடியின் மேல் போட்டுப் பெரியவருக்கு ஓட்டிக் காட்டினேன். ஆலாபனை முழுவதும் அசையாமல் கேட்டார். தவில் வந்ததும் ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்தினார்.

“மோளம் இன்னும் முன்னாலதான் தம்பி நிக்குது.”