மூன்றாம் பக்கம்

விசா மறுப்புக் கடிதத்தோடு வருகிறவர்கள் கடிதத்தை நீட்டுவதற்கு முன் கதையைத் தொடங்கிவிடுவார்கள். "வேணுமெண்டே செய்திருக்கிறாங்கள் அண்ணா." கிழக்கு லண்டனில் பதினைந்து வருடமாக அப்பீல் எழுதுகிறேன், இதைக் கேட்காத வாரம் குறைவு. நான் தலையாட்டிக்கொண்டே கடிதத்தின் தேதியைத் தேடுவேன். பிரித்தானியாவுக்கு வெளியே இருப்பவருக்கு, மறுப்புக் கையில் கிடைத்ததிலிருந்து 28 நாட்கள்தான். பிறகு பென்சிலை எடுத்து, "எனக்குத் திருப்தி ஏற்படவில்லை" என்று அதிகாரி எழுதிய இடங்களில் கோடு போடுவேன். இரண்டோ மூன்றோ கோடுதான் விழும். மற்றதெல்லாம் எல்லாருக்கும் போகிற அதே பந்திகள்.

பேரப்பிள்ளையைப் பார்க்க வரவிருந்த அம்மாவின் கடிதம் என்றால் கோடு போடுவதில்லை. குடும்பத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இருந்த முழு அப்பீல் உரிமை 2013 ஜூன் 25 உடன் போய்விட்டது. திரும்ப விண்ணப்பியுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

கணவன் மனைவி விசா வேறு. அதற்கு அப்பீல் உண்டு. ஆனால் மனித உரிமையின் பேரில் மட்டும். இதை நம்பித் தொடக்க காலத்தில் நானும் ஏமாந்தேன். பிரிவு, ஏக்கம், கோவில் கல்யாணம் என்று பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நீதிபதி பொறுமையாகப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: சம்பளம் வங்கிக்கு வந்தது எந்தப் பக்கத்தில்? அந்தப் பக்கம் என்னிடம் இல்லை. விண்ணப்பம் விதிகளுக்கு முழுதும் பொருந்துகிறது என்று காட்டிவிட்டால், மனித உரிமை உடன்படிக்கையில் குடும்ப வாழ்வுக்கான எட்டாம் உறுப்புரை வாதம் ஏறக்குறைய அங்கேயே வென்றுவிடும். கண்ணீரை விட பே சிலிப்புக்குப் பெறுமதி அதிகம். இப்போது இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை.

இல்ஃபோர்டிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை, வருடத்துக்கு 21,000 பவுண்ட் சம்பளம். கணவர் பருத்தித்துறையில். 2024 மார்ச்சில் விண்ணப்பித்திருந்தார்கள். அப்போது இங்கே இருக்கும் துணை காட்டவேண்டிய குறைந்தபட்ச வருமான வரம்பு 18,600. ஏப்ரல் 11இல் அது 29,000க்கு ஏறியது. முன்பே விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கணக்கு. மறுக்கப்பட்டுப் புதிதாக விண்ணப்பித்தால் புதுக் கணக்கு. அவளுடைய சம்பளத்துக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அப்பீல் ஒன்றுதான் மிச்சம்.

ஆறு மாத பே சிலிப் சரியாக இருந்தது. அதே ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்ட்டில் டிசம்பர் சம்பளம் வந்த இடத்தைக் காணோம். ஐந்து பக்கத்தில் மூன்றாவது இல்லை. இப்படி ஒரு பக்கம் விடுபட்டால் அதிகாரி கேட்டு வாங்கலாம் என்று விதியில் இருக்கிறது. கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை. கேட்கவில்லை.

"ஸ்கேன் பண்ணேக்க விட்டுப்போச்சோ?"

அவள் குனிந்துகொண்டாள். "நான்தான் எடுத்தனான் அண்ணா. அந்த மாசம் கணக்கு மைனஸுக்குப் போட்டுது. அம்மாவின்ர ஒப்பரேசனுக்குக் காசு அனுப்பினது. இதைப் பாத்தா, இவளிட்டக் காசில்லை எண்டு மறுத்துடுவாங்கள் எண்டு நினைச்சன்."

சம்பளத்தைக் காட்டி விண்ணப்பிக்கிறவருக்குக் கணக்கு மைனஸில் போனது ஒரு தடையே இல்லை. அதிகாரிக்குத் தேவைப்பட்டது சம்பளம் வந்த அந்த ஒரு வரி. அது மறைத்த பக்கத்தில்தான் இருந்தது.

காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க 80 பவுண்ட் கட்டணம், நேரில் விசாரிக்க 140. காகித வழக்கு என்றால் நான் பெரும்பாலும் 80ஐத்தான் சொல்வேன். இவளுக்கு 140 கட்டச் சொன்னேன். பக்கம் ஏன் இல்லாமல் போனது என்பதை அவள் வாயால் சொன்னால்தான் நம்புவார்கள். நான் எழுதினால் சாக்குப்போக்கு மாதிரித்தான் இருக்கும்.

மறுநாள் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்தாள். மேசையில் வைத்தபோதும் அந்த மைனஸ் வரியின் மேலிருந்து பெருவிரலை எடுக்கவில்லை.