பாராமல் கழிக்கலாகாது

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கி, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாள் வந்துவிட்டால், நம் குடும்பங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பழைய புத்தகங்களை என்ன செய்வது?" அலமாரியில் இடமில்லை, பரணிலோ கரையான். எடைக்குப் போட்டுவிடலாம் என்பர் பிள்ளைகள். எழுத்துள்ள தாளை எறிவது பாவம் என்பர் பெரியோர். இரு சாரார் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆயினும் இவ்விரண்டுக்கும் முன்னே செய்யவேண்டிய கடமை ஒன்று இருப்பதாக நாங்கள் கருதுகிறோம். அதைக் குறித்தே இங்குச் சில சொல்ல விழைகிறோம்.

புத்தகம் காலில் பட்டுவிட்டால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரிடமும் உள்ளது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் அண்டை வீட்டாராகிய இசுலாமியப் பெருமக்கள், கிழிந்துபோன திருக்குர்ஆன் தாள்களைக் குப்பையில் சேர்ப்பதில்லை. தனியே திரட்டி, கால் படாத இடத்தில் புதைப்பர், அல்லது நீரில் விடுவர். அர்ச்சிக்கப்பட்ட பொருள்கள் பழுதுற்றால் அவற்றை எரிப்பதோ புதைப்பதோ நம் திருச்சபையிலும் மரபே. எனவே, அழித்தல் யாவும் அவமதிப்பு ஆகிவிடாது.

மறைநூலிலும் இதற்குச் சான்று உண்டு. எபேசு நகரில் மாய வித்தை செய்துவந்தோர் தம் நூல்களைத் தாமே கொணர்ந்து யாவரும் காண எரித்தனர் என்றும், அவற்றின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்றும் திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்நகரில் போதித்த பவுலடியார் பேரிலேயே அமைந்த, திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகமோ, சிறையில் இருந்தபடி நூல்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் கொண்டுவருமாறு கேட்கிறது. கழிக்கத்தக்கவையும் உண்டு, காக்கத்தக்கவையும் உண்டு. எவை எவை எனப் பிரித்தறிவது எங்ஙனம்?

அந்தப் பாடத்தை நாங்கள் கற்றது எங்கள் தந்தையாரிடம். அவர் ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் முப்பது ஆண்டுகள் கழித்தவர். நம் பகுதித் தோலுக்கும் நூலுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட ஆட்டுத்தோல் முன்னாளில் கப்பலேறிச் சென்று, மேல்நாட்டு நூல்களுக்கு மேலட்டையாகவும் அமைந்தது. ஒவ்வொரு தோலையும் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, துளையும் கத்திக்கீறலும் பார்த்த பின்னரே தந்தையார் அதன் தரம் சொல்வார். மேலுக்கு அழுக்காய்த் தோன்றும் தோல் உள்ளே முதல்தரமாய் இருப்பதுண்டாம். உதவாத துண்டுகூட வச்சிரம் காய்ச்சுவோரிடம் போய்ச் சேரும். "பார்க்காமல் கழிக்காதே" என்பது அவர் ஓயாது சொல்லும் வாக்கு.

தாயார் இறைவனடி சேர்ந்தபின், அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தபோது அந்த வாக்குத்தான் எங்களுக்குத் துணை நின்றது. பெட்டி நிறையச் சிறு நூல்கள்: நவநாள் செபங்கள், பாட்டுப் புத்தகங்கள், திருத்தலங்களில் வாங்கிய மெல்லிய பிரசுரங்கள், எங்கள் பள்ளிக்கூடத்து வழிகாட்டி நூல்கள். 1995இல் பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வந்தபின் எடுத்து வைத்துவிட்ட பழைய புதிய ஏற்பாடும் கிடந்தது. "மொத்தமாக எடைக்குப் போட்டுவிடுவோம்" என்றார் இளையவர். தந்தையார் முறைப்படி, ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கலானோம். சர்வேசுரன், திவ்விய பூசை, ஞானோபதேசம் என, நம் பிள்ளைகள் கேட்டிராத சொற்கள் அவற்றில் நிறைந்திருந்தன. ஒரு செபப் புத்தகத்தின் கடைசித் தாளில், பென்சிலால், எங்கள் ஒவ்வொருவரின் பிறந்த நாளும் திருமுழுக்கு நாளும் எழுதியிருந்தார் தாயார். முதல் வரியில் இருந்த பெயர் எங்களில் எவருடையதும் அன்று. அதன் எதிரே திருமுழுக்கு நாளும், நாற்பது நாள் கழித்து இறந்த நாளும் இருந்தன. எங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். எடைக்கடைத் தராசில் அந்தப் புத்தகம் நூறு கிராம்கூட நிற்காது.

ஒரு வீட்டுக்கு நேரவிருந்த இத்தகைய இழப்பு நம் மொழிக்கே நேர்ந்திருக்கிறது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய நூலாகிய 'தம்பிரான் வணக்கம்', 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் தந்த அந்த மறைக்கல்வி நூல் பதினாறே பக்கம் கொண்டது. இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படும் ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. மக்கள் கையில் புழங்கும் மெல்லிய நூல், தேய்ந்து கிழிந்து ஓசையின்றி மறைகிறது. பெரிய நூலை எவரேனும் பேணுவர்; சிறு நூலுக்கு நாதியில்லை.

பக்தியால் அழிந்தவையும் உண்டு. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த டாக்டர் உ.வே. சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்று சுவடிகளைக் கேட்டாராம். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடுவது சாத்திரம் என்றும், அவ்வாறே செய்துவிட்டோம் என்றும் விடை கிடைத்தது. இட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர், மரியாதையுடனேதான் இட்டனர். ஆனால், எரிப்பதற்கு முன் ஏட்டைப் பிரித்துப் பார்த்தவர் யார்?

பகையால் விளைந்த அழிவோ இவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில், பன்மொழி அறிஞரான கத்தோலிக்கக் குரு தாவீது அடிகளார் உயிர் நீத்தார். எபேசு மக்கள் எரித்தவை தம்முடைய நூல்கள். யாழ்ப்பாணத்தில் எரிக்கப்பட்டவை பிறருடைய நூல்கள். முன்னது மனமாற்றம், பின்னது ஓர் இனத்தின் நினைவையே அழிக்கும் முயற்சி.

இவற்றிடையே ஆறுதல் தரும் வரலாறும் ஒன்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பிறர் கழித்த நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் தம் வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதுவே இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. நம்மவர் வேண்டாமென ஒதுக்கியவற்றைத் தேடி அறிஞர்கள் அங்கே வருகின்றனர்.

ஆகவே, அன்பர்களே, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சிறு வீட்டில் கரையானுக்கு உணவாகக் கட்டிவைப்பதும் பேணுதல் ஆகாது. அகவை போன பாடநூலும் செய்தித்தாளும் தாராளமாக எடைக்குப் போகட்டும். அவை மீண்டும் தாளாகும். படிக்கத்தக்கவை பங்கு நூலகத்துக்கோ, வாங்க இயலாத பிள்ளைக்கோ செல்லட்டும். அட்டை கிழிந்த விவிலியமும் செபநூலும் மரியாதையுடன் மண்ணுக்குச் செல்லட்டும். ஆனால் ஒவ்வொன்றையும் முதலில் விரித்துப் பாருங்கள். முன்தாளில் ஆண்டு என்ன? பின்தாளில் யாருடைய கையெழுத்து? வேறெங்கும் இது கிடைக்குமா? ஐயம் தோன்றினால், முன்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து, அறிந்தவரிடம் கேளுங்கள். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதற்குள் வீட்டிலுள்ள பெரியோரையும் அருகில் அமர்த்திக்கொண்டால், புத்தகத்தில் இல்லாதவையும் சில தெரியவரும்.