இரண்டு நிலையங்கள், ஒரு பெயர்



ஆரையம்பதிப் பக்கத்தில் உள்ள நாங்கள் ரயிலைப் பார்க்க வேண்டுமானால் மட்டக்களப்பு நகருக்குத்தான் போக வேண்டும். 1928இல் அங்கு வந்து சேர்ந்த தண்டவாளம் அதற்குத் தெற்கே ஒரு சாண் கூட நகரவில்லை. கொழும்பில் இலகு ரயில் ஓடப்போகிறது என்றார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய அந்தத் திட்டமும் 2020இல் கைவிடப்பட்டது. ஆகவே நான் முதன்முதலாக இலகு ரயிலில் ஏறியது கோலாலம்பூரில்தான்.

2024இல் என் ராத்தாவின் மகனைப் பார்க்க நானும் என் துணைவியாரும் மலேசியா போயிருந்தோம். கொம்பாக்கில் உள்ள சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அவர் படிக்கிறார். ஒரு நாள் அவருக்குப் பரீட்சை. "மாமா, நீங்க ரெண்டு பேரும் மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குங்க. அஸரைத் தொழுதிட்டு வரலாம்" என்று சொல்லி எங்களை ஏற்றிவிட்டார்.

ஜாமெக் என்ற சொல் எனக்குப் புதிராக இருந்தது. பிறகுதான் விளங்கியது, அது நம்முடைய 'ஜாமிஉ' தான். அரபு 'ஐன்' மலாய் நாவில் 'க்' ஆகிவிடுகிறது. நிஃமத் என்பதை 'நிக்மத்' என்கிறார்கள், மஃனா 'மக்னா' ஆகிறது. ஓதிக்கொடுக்கும் தொழிலில் இருப்பவனுக்கு இதுவே பாதிப் பயணத்தின் லாபம்!

அந்த ரயிலுக்குச் சாரதி கிடையாது, தானாகவே ஓடுகிறது. பயணச்சீட்டுக்குப் பதிலாக நீல நிறத்தில் சிறிய பிளாஸ்டிக் வில்லை தருகிறார்கள். இரண்டு வில்லைகளும் என் சட்டைப் பையில் இருந்தன. மஸ்ஜித் ஜாமெக் வந்ததும் துணைவியார் கூட்டத்தோடு இறங்கிவிட்டார். ஆசனத்தில் வைத்த பையை எடுக்க நான் திரும்பினேன், கதவு மூடிக்கொண்டது. "நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். யாரிடம் கத்துவது? கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. மொழி தெரியாத ஊர். கைத்தொலைபேசி என்னிடம். வெளியேறும் வாயிலைத் திறக்கும் வில்லையும் என்னிடம்.

அடுத்த தரிப்பிடமான பசார் செனியில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி வரும்வரை நான் ஓதாத துஆ இல்லை. மேடையில் அவர் இல்லை. நகரும் படிகளில் மேலே ஓடினேன். வெளியேறும் வாயிலுக்கு உட்பக்கத்தில் அவர் நின்றார், பக்கத்தில் முக்காடிட்ட அம்மையார் ஒருவர்.

"பதறாதீங்க தம்பி, உங்க வீட்டம்மா அழுததைப் பாத்துட்டு நின்னேன்" என்றார் அவர், தமிழில்! மூதாதையர் ராமநாதபுரம் பக்கமாம். மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை. அவர் வாயிலைச் சுட்டிக்காட்டிச் சொன்ன கதைதான் இந்தத் தரிப்பிடத்தின் கதை.

சகோதரிகளே, இந்தப் பெயரில் முன்பு இருந்தவை இரண்டு நிலையங்கள். ஸ்டார் என்ற கம்பனி அம்பாங்கிலிருந்து 12 கிலோமீட்டர் பாதை போட்டு, 1996 டிசம்பர் 16இல் ஓடத் தொடங்கியது. அதன் மேடை தரைக்கு மேலே தூண்களில் நிற்கிறது. புத்ரா என்ற வேறொரு கம்பனி 1999 ஜூனில் அதே இடத்தில் பூமிக்கடியில் ஒரு நிலையத்தைத் திறந்தது. பெயர் ஒன்று, ஆனால் நிர்வாகம் இரண்டு, சீட்டும் இரண்டு. மேலிருந்து கீழ் ரயிலுக்கு மாற வேண்டுமானால் வாயிலைக் கடந்து வெளியே வந்து, மறுபடி சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டும்.

"இடுப்புல பிள்ளை, கையில துணி மூட்டை, மேல மழை. எத்தனை தடவை இப்படி வந்திருக்கேன்!" என்றார் அம்மையார்.

1997இன் நாணய நெருக்கடியில் இரு கம்பனிகளும் கடனில் மூழ்கின. அரசு அவற்றைக் கையேற்றது. 2004 முதல் இரண்டையும் ஒரே நிறுவனம் நடத்துகிறது. ஆனாலும், வெளியே வராமல் ஒரே சீட்டில் மாறிச் செல்லும் வழி 2011இல்தான் திறந்தது. கணக்குப் பாருங்கள், 12 வருடங்கள்!

கேட்டுக்கொண்டு நின்றபோது என் உம்மா நினைவுக்கு வந்தார். எங்கள் வீடு ஆரையம்பதியை ஒட்டிய முஸ்லிம் குடியிருப்பில். 1990க்குப் பின் சில காலம், உம்மா ஆரையம்பதித் தரிப்பிடத்தில் இறங்க அஞ்சி, காத்தான்குடியிலேயே பஸ்ஸை விட்டிறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து வருவார். பஸ் என்னவோ எங்கள் வாசலுக்குக் கிட்டத்தான் போய்க்கொண்டிருந்தது.

அம்மையார் எங்களைப் பள்ளிவாசல்வரை கூட்டிப்போனார். கிளாங், கொம்பாக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனை அது. சேறு படிந்த அந்தச் சங்கமத்தால்தான் நகருக்கே கோலாலம்பூர் என்ற பெயர். மலாய் மக்களின் பழைய மையவாடி இருந்த நிலத்தில் 1908இல் சிலாங்கூர் சுல்தான் அடிக்கல் நாட்டினார், 1909 டிசம்பரில் பள்ளி திறக்கப்பட்டது. வரைபடம் ஹப்பக் என்ற ஆங்கிலேயருடையது. அந்நகரின் பழைய ரயில் நிலையத்தை வரைந்தவரும் அவரே. 1965இல் தேசியப் பள்ளிவாசல் எழும்வரை ஊரின் தலைமைப் பள்ளி இதுதான். 1993இல் ஒரு பெருமழையில் குவிமாடம் ஒன்று இடிந்து விழ, மீண்டும் கட்டினார்கள். 2017இல் பள்ளியின் பெயரோடு சுல்தான் அப்துஸ் ஸமதின் பெயரைச் சேர்த்தார்கள். தரிப்பிடம் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

அஸருக்குப் பிறகு அம்மையாரின் கடையில் தேநீர். வெள்ளிக்கிழமை வந்தால் மஸ்ஜித் இந்தியாவில் தமிழிலேயே குத்பா கேட்கலாம் என்றார். மாலையில் கொம்பாக் திரும்ப நிலையத்துக்கு வந்தோம். இரண்டு வில்லைகள் வாங்கி, வழக்கம்போலச் சட்டைப் பையில் போடப்போனேன்.

"இஞ்ச தாங்க" என்று துணைவியார் கையை நீட்டினார். இரண்டையும் வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.