பொறி எங்கே போச்சு?



"பையன் டிப்ளமோ படிக்கிறான், ஆட்டோமொபைலு" என்று எங்கள் தெருவில் அப்பா சொல்லாத ஆள் கிடையாது. அவர் படித்தது ஐந்தாவது வரை. ஊரில் ஒரு பெரியவர் வீட்டுப் பழைய பெட்ரோல் அம்பாஸடருக்கு டிரைவர். 2014-லேயே உற்பத்தி நின்றுபோன கார்தான்; ஆனாலும் எங்கள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது.

போன செமஸ்டர் லீவில் ஒருநாள் காலை அது ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. "ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துட்டுப் போ" என்றார் பெரியவர். அப்பா விடவில்லை. "எம் பையன் இருக்கான்யா, பாத்துருவான்" என்றார். எனக்குத் திக்கென்றது. தியரியில் நல்ல மார்க்தான். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நானாகக் கழற்றியதே இல்லையே!

பிளக் ஒயரை உறை போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து எஞ்சின் பிளாக்குக்கு அருகே காட்டினேன். அப்பா சாவியைத் திருப்பினார். பொறி இல்லை. 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்துவது காயில்தானே! "காயில் போச்சுப்பா" என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். அப்பா தன் கைக்காசில், இரண்டு நாள் படிக்காசைப் போட்டுப் புதுக் காயில் வாங்கி வந்தார். மாட்டினோம். அப்போதும் பொறி இல்லை! கடைக்காரரோ, "எலக்ட்ரிக்கல் சாமான் வாபஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி லேப் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் வரிசையாகப் பார்த்தேன். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு ஒயரிலேயே பொறி இல்லை. அப்படியானால் மூடி, ரோட்டார், பிளக் எதையும் இப்போது குறை சொல்ல முடியாது. கோளாறு அதற்கு முன்னால்தான். இக்னிஷன் சாவியைப் போட்டு, டெஸ்ட் லேம்பைக் காயிலின் சுவிட்ச் பக்கம் வைத்தேன், எரிந்தது. பாயிண்ட் பக்கம் வைத்தேன், அங்கும் எரிந்தது. எஞ்சினைச் சுற்றவிட்டால் அந்த விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது! காயில் வழியாகக் கரண்ட் வருகிறது, பாயிண்ட் எர்த் ஆகவில்லை என்று அர்த்தம். திறந்து பார்த்தால் பாயிண்ட் முகம் கருகி, ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு.

நைஸ் எமரி பேப்பரால் தேய்த்துத் துடைத்து, ஃபீலர் கேஜில் 15 தௌ, அதாவது 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வைத்தேன். பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, நோஞ்சானாக. குனிந்து பார்த்த அப்பா சொன்னார்: "பாயிண்ட்ல இவ்வளவு நெருப்பு பறக்குதே தம்பி, கண்டென்சர் செத்திருக்கும்டா." பாயிண்ட் திறக்கும்போது நெருப்பு பறக்காமல் காப்பது கண்டென்சர் என்று பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன். கண்ணெதிரே பறந்தபோது தெரியவில்லை! கண்டென்சரை மாற்றினோம். பளிச்சென்று நீலப் பொறி. வண்டி உறுமியது.

தோழர்களே, இன்றைய கார்களில் பாயிண்டும் கிடையாது, கண்டென்சர் வேலையும் வேறு. சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. ஆனால் பாகத்தை மாற்றுமுன் சோதித்துப் பார் என்ற பாடம் மாறவில்லை. படித்தவன் என்ற கர்வத்தில் நான் தாண்டிக் குதித்த அந்த ஒரு படிக்கு விலை கொடுத்தவர் படிக்காத என் அப்பா.

அந்தப் பழைய காயில் இன்னும் டிக்கியில் கிடக்கிறது. "நல்ல காயில்தானேப்பா, ஸ்பேரா இருக்கட்டும்" என்கிறார் அப்பா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பொறி பறக்கிறது. அது அணையாமல் இருக்கட்டும்!

— இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு