தோட்டத்து மண்ணில் தேசிய அரங்கம்

புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பள்ளிக் காற்பந்துக் குழுப் பிள்ளைகளின் நெடுநாள் ஆசை. சென்ற விடுமுறையில் அது நிறைவேறியது.

கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கினோம். பக்கத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சோறு. பிறகு மஸ்ஜிட் ஜாமெக்கில் இரயில் மாறினால், அரங்கத்தின் அருகிலேயே கொண்டு விட்டுவிடுகிறது.

1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டிய அரங்கம் இது. எண்பதாயிரம் பேருக்கு மேல் அமரலாம். எல்லாருக்கும் நாற்காலி, தலைக்கு மேலே கூரை. 2017 சீ விளையாட்டுப் போட்டிக்காகப் புதுப்பித்திருக்கிறார்கள்.

என் தகப்பனாருக்கு அரங்கம் என்றால் மெர்டேக்காதான். 1980 ஏப்ரலில் அங்கே தென் கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. கோல் காத்தவர் நம் ஆர். ஆறுமுகம். புறக்கணிப்பால் மாஸ்கோ போகவில்லை என்பது வேறு கதை. திறந்த படிக்கட்டில் நெருக்கியடித்து நின்று பார்த்ததை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

புக்கிட் ஜாலில் முன்பு ரப்பர் தோட்டம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். எங்கள் கோல் கீப்பர் பையன் திடலையே பார்த்துக்கொண்டு, "சார், லயம் எந்தப் பக்கம் இருந்திச்சு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பால் வெட்டியவர்கள் நடந்த மண்ணில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கேள்வி இன்னும் சுருக்கென்றது. "சாயங்காலம் அவ்வளவு மழை பெஞ்சும் இங்கே தண்ணி நிக்கலியே, எப்படி சார்?"

நல்ல திடலின் இரகசியம் புல்லுக்கு அடியில் இருக்கிறது. மணல் பரப்பி, வடிகுழாய் பதித்து, அதன் மேல்தான் புல் வளர்ப்பார்கள். இங்கே இருந்த மாட்டுப்புல்லை எடுத்துவிட்டு, 2023இல் சோய்சியா என்ற அடர்ந்த புல்லைப் போட்டார்கள். எங்கள் பள்ளித் திடலிலோ ஒரு மழைக்கு மூன்று நாள் தண்ணீர். அதனாலேயே பயிற்சியில்லாமல் இவ்வாண்டு வட்டாரப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம்.

வாசக அன்பர்களே, எண்பதாயிரம் நாற்காலி நமக்கு வேண்டாம். தண்ணீர் வடிந்தால் போதும். தோட்டம் முழுக்க வாய்க்கால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இதற்கு யாரைக் கேட்க வேண்டும்? வருகிற ஞாயிறு பெற்றோர்கள் மண்வெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போகிறேன்.